கணக்கைக் கண்ணுக்குக் காட்டியவர்

மகான்களின் சரித்திரங்களில் ஜனங்கள் வழக்கமாகத் தேடுபவை யுத்தங்களும், சிறைவாசமும், ராஜ சபைகளில் நடந்த வாதங்களுமே. ஒரு மனிதர் ஒரு கோட்டையும் ஒரு வட்டத்தையும் வரைந்து, உலகத்தின் அறிவுப் போக்கையே மாற்றினார் என்றால், அதைச் சரித்திரமாக மதித்துப் படிப்போர் சிலரே. ஆயினும் பிரான்ஸ் தேசத்தில் பிறந்து, ஹாலந்தில் வாழ்ந்து, ஸ்வீடனில் மாண்ட ரெனே டேக்கார்ட் செய்த காரியம் அதுவே. நமது நேயர்களில் பலர் பள்ளிக்கூடத்தில், கட்டம் போட்ட காகிதத்தில் வளைகோடு வரைந்து, இருபடிச் சமன்பாட்டுக்கு விடை கண்டிருப்பார்கள்; பரீட்சை முடிந்ததும் அதை மறந்தும் இருப்பார்கள். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு மனிதருடைய துணிவும், அச்சமும், கர்வமும் மறைந்து நிற்கின்றன. அவற்றை எடுத்துரைப்பதே இங்கு நமது நோக்கம்.

டேக்கார்ட் 1596-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி, தூரேன் பிரதேசத்திலுள்ள லா ஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரிட்டானி மாகாணத்தின் உயர்நீதி ஸ்தலத்தில் அங்கத்தினர். குழந்தைக்கு ஒரு வயது நிரம்பிச் சில வாரங்களுக்குள் தாய் இறந்துபோனாள். பாட்டியின் பராமரிப்பில் அவர் வளர்ந்தார். பின்னர் லா பிளெஷ் என்னும் ஊரில் ஏசு சபைப் பாதிரிமார் நடத்திய கலாசாலையில் சேர்க்கப்பட்டார். ஐரோப்பாவில் அக்காலத்தில் பெயர் பெற்று விளங்கிய கலாசாலைகளுள் அது ஒன்று. அங்கே லத்தீன் இலக்கியம், தர்க்கம், பழைய தத்துவம் யாவும் கற்றார். ஆயினும், ஆசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசாத சாஸ்திரம் கணிதம் ஒன்றுதான் என்பதைச் சிறு பிராயத்திலேயே கண்டுகொண்டார். 1616-ஆம் வருஷத்தில் புவாத்தியே சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார். அதைக் கொண்டு அவர் வக்கீல் தொழில் நடத்தவில்லை. சட்ட உலகத்துக்கு அது நஷ்டமோ அல்லவோ, கணித உலகத்துக்குப் பெரிய லாபம் என்பதை அத்தொழிலைச் சேர்ந்த நாம் தயங்காமல் சொல்லலாம்.

புத்தகங்களில் சலிப்புக் கொண்ட அவர், உலகத்தையே புத்தகமாகக் கொண்டு படிப்பது என்று தீர்மானித்து, 1618-ஆம் வருஷத்தில் ஹாலந்து சென்று, மோரிஸ் என்னும் ஆரஞ்சு வமிசத்து இளவரசரின் சேனையில் தொண்டராகச் சேர்ந்தார். அங்கே பிரேடா நகரில், ஐசக் பேக்மன் என்னும் டச்சு அறிஞரின் நட்புக் கிடைத்தது. இயற்கையின் நிகழ்ச்சிகளைக் கணிதத்தால் அளந்து விளக்கலாம் என்ற எண்ணத்தை அந்த நட்பே அவர் உள்ளத்தில் உறுதிப்படுத்தியது. அடுத்த வருஷம் நவம்பர் மாதம் 10-ஆம் தேதி இரவு, ஜெர்மனியில் குளிருக்கு அடக்கமான ஓர் அறையில் தங்கியிருந்தபோது, அவர் மூன்று கனவுகள் கண்டார். எல்லா அறிவையும் ஒரே முறையால் ஒழுங்குபடுத்துவதே தம் ஆயுளின் பணி என்று அவற்றுக்குப் பொருள் கொண்டார். அப்போது அவருக்கு வயது 23.

அந்தப் பணியில் கணிதத்துக்குரிய பங்கு யாது என்று அறிய வேண்டுமானால், அக்காலத்தில் கணிதம் இருந்த நிலையைச் சிறிது கவனிக்க வேண்டும். இருபடிச் சமன்பாடு என்பது யாதெனில், தெரியாத ஓர் எண்ணைப் பற்றிய புதிர். அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கினால் வரும் வர்க்கம், அவ்வெண்ணின் 10 மடங்கில் 16 குறைந்ததற்குச் சமம். அவ்வெண் யாது என்பது போன்ற கேள்வி. இத்தகைய கேள்விகள் மிகப் பழமையானவை. பாக்தாத் நகரில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி இவற்றை வகைப்படுத்தி, சதுரங்களை வரைந்து, விடை காணும் வழியை விளக்கினார். பாரசீகத்து உமர் கய்யாம், முப்படிச் சமன்பாடுகளுக்கு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விடை இருப்பதைக் காட்டினார். ஆகையால் கோட்டால் கணக்கைத் தீர்க்கும் எண்ணமே டேக்கார்ட்டிடம்தான் பிறந்தது என்று சொல்வது முன்னோருக்கு அநீதி செய்வதாகும்.

ஆனால் பழைய முறைகளுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. நீளத்தை நீளத்தால் பெருக்கினால் பரப்பு. அதை மீண்டும் நீளத்தால் பெருக்கினால் கன அளவு. நீளத்தைப் பரப்போடு கூட்டலாகாது. நான்காவது முறை பெருக்கினாலோ அதற்கு உலகில் உருவமே இல்லை. டேக்கார்ட்டுக்கு முந்திய தலைமுறையில் பீஜகணிதத்தைச் சீர்படுத்திய பிரான்ஸ்வா வியேத் என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர்கூட இந்த விதியைக் கைவிடவில்லை. டேக்கார்ட் ஒரே அடியில் இக்கட்டை அறுத்தார். ஏதேனும் ஒரு கோட்டை ஒன்று என்று வைத்துக்கொள். பிறகு இரண்டு கோடுகளின் பெருக்கமும் ஒரு கோடே, வகுத்தலும் ஒரு கோடே, வர்க்க மூலமும் ஒரு கோடே என்றார். ஒத்த முக்கோணங்களைக் கொண்டு அக்கோடுகளை வரைந்தும் காட்டினார். அன்று முதல் எண்ணுக்கும் கோட்டுக்கும் இடையே இருந்த சுவர் இடிந்தது.

இவ்வித ஆராய்ச்சிகளுக்கு அமைதியான இடம் வேண்டி, 1628-ஆம் வருஷத்து இறுதியில் அவர் ஹாலந்தில் குடியேறி, அடுத்த 20 வருஷங்களைப் பெரும்பாலும் அங்கேயே கழித்தார். இடையிடையே ஊரை மாற்றிக்கொண்டே இருந்தார். உலகத்தின் அமைப்பைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடிக்கும் தருணத்தில், 1633-ஆம் வருஷத்தில் கலிலியோவை ரோமாபுரியில் விசாரித்துத் தண்டித்த செய்தி எட்டியது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது டேக்கார்ட்டின் நூலுக்கும் அடிப்படை. அவர் அந்நூலை அச்சிடாமல் நிறுத்திக்கொண்டார்; அது வெளிவந்தது அவர் மறைந்து 14 வருஷங்கள் சென்ற பின்னரே. ரோமாபுரியின் கை எட்டாத புரொடெஸ்டண்டு தேசத்தில் இருந்தவர் இவ்வாறு பின்வாங்கியதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. விவேகம் என்பாரும் உண்டு. நம் கருத்தில், சத்தியத்தைக் கண்டவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது பெருமைக்குரிய செய்கை அன்று. ஆயினும் அவர் முற்றிலும் வாய்மூடி இருந்துவிடவில்லை. வேறு வாயில் ஒன்றைத் திறந்தார்.

அந்த வாயில் 1637-ஆம் வருஷத்தில் லெய்டன் நகரில் அச்சாகி வெளிவந்த நூல். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. அறிவைச் சரியாக நடத்தும் முறையைப் பற்றிய முகவுரையும், அம்முறைக்குச் சான்றாக ஒளியின் வளைவு, வானத்து நிகழ்ச்சிகள், க்ஷேத்திரகணிதம் ஆகிய மூன்றைப் பற்றிய கட்டுரைகளும் அதில் அடங்கியிருந்தன. அதனினும் முக்கியமான விசேஷம் அதன் பாஷை. அக்காலத்தில் ஐரோப்பியப் பண்டிதர்கள் லத்தீனில் எழுதுவதே வழக்கம். டேக்கார்ட் தமது தேசத்து ஜனங்கள் பேசும் பிரெஞ்சு பாஷையில் எழுதினார். பழைய ஏடுகளை மட்டும் நம்புவோரைக் காட்டிலும், தமது இயற்கையான அறிவைக் கலப்பின்றிப் பயன்படுத்துவோரே தம் கருத்துக்களை நன்கு சீர்தூக்குவர் என்பது அவர் அந்நூலிலேயே கூறிய காரணம். நியாய புத்தி எல்லா மனிதருக்கும் பொதுவாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்னும் கொள்கையோடு தொடங்கும் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான பாஷை வேறு இருந்திருக்க முடியாது.

மூன்றாவது கட்டுரையின் முதற்பகுதியில் இருபடிச் சமன்பாடு வருகிறது. அவர் காட்டிய வழியை நேயர்கள் ஒரு காகிதத்தில் தாமே செய்து பார்க்கலாம். தெரியாத எண்ணின் வர்க்கம், அவ்வெண்ணின் 6 மடங்கோடு 16 கூட்டியதற்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 6-இல் பாதி 3. 16-இன் வர்க்க மூலம் 4. 3 அங்குலத்தில் ஒரு கோடு கிழித்து, அதன் ஒரு முனையில் செங்கோணமாக 4 அங்குலக் கோடு ஒன்றை நிறுத்துக. இவற்றின் மறுமுனைகளைச் சேர்க்கும் கர்ணம் 5 அங்குலம் இருக்கும். இனி 3 அங்குலக் கோட்டின் மறுமுனையை மையமாகக் கொண்டு 3 அங்குல ஆரத்தில் வட்டம் வரைந்து, கர்ணத்தை மையத்துக்கு அப்பால் வட்டத்தின் விளிம்பு வரை நீட்டுக. முழு நீளம் 8 அங்குலம், 8-ஏ விடை. அதன் வர்க்கம் 64; அதன் 6 மடங்காகிய 48-உடன் 16 கூட்டினாலும் 64.

அதே படத்தில், வட்டத்துக்கு வெளியே எஞ்சும் கர்ணத் துண்டு 2 அங்குலம். வர்க்கத்தோடு 6 மடங்கைக் கூட்டினால் 16 வரும் எண் எது என்னும் வேறொரு சமன்பாட்டுக்கு அது விடை. பூஜ்யத்துக்குக் குறைந்த எண்களையும் ஏற்றுக்கொண்டால், கழித்தல் 2 என்பது முதற் சமன்பாட்டின் மற்றொரு மூலமும் ஆகும். இத்தகைய மூலங்களைப் பொய் மூலங்கள் என்று டேக்கார்ட் அழைத்தார். இந்தப் படத்தில் அத்தகைய மூலத்தை அவர் விடையாகக் காட்டவில்லை.

இப்போது நாம் முன்னே கூறிய புதிருக்கு வருவோம். வர்க்கம், 10 மடங்கில் 16 குறைந்ததற்குச் சமம். 10-இல் பாதியாகிய 5 அங்குலத்தில் ஒரு கோடும், அதன் முனையில் செங்கோணமாக 4 அங்குலக் கோடும் வரைக. 5 அங்குலக் கோட்டின் மறுமுனையை மையமாக வைத்து 5 அங்குல ஆரத்தில் வட்டம் போடுக. 4 அங்குலக் கோட்டின் மேல்முனையிலிருந்து, 5 அங்குலக் கோட்டுக்கு இணையாக வட்டத்தை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது வட்டத்தை 2 அங்குலத்தில் ஒரு முறையும், 8 அங்குலத்தில் மறுமுறையும் வெட்டும். 2, 8 இரண்டுமே விடைகள். 16-க்குப் பதிலாக 25 இருந்தால், நிற்கும் கோடு 5 அங்குலமாகி, இணைகோடு வட்டத்தை ஒரே இடத்தில் தொட்டுச் செல்லும். அங்கே இரண்டு விடைகளும் 5 என்னும் ஒன்றாகிவிடும். 36 இருந்தால் இணைகோடு வட்டத்துக்கு மேலே தூர விலகிப் போய்விடும். வெட்டும் இடமும் இல்லை, விடையும் இல்லை.

இந்த மூன்று நிலைகளையும் குருட்டு மனப்பாடமாகச் சூத்திரத்தில் படிப்பது ஒன்று. கோடு வட்டத்தை வெட்டுவதையும், தொடுவதையும், விட்டு விலகுவதையும் கண்ணால் காண்பது வேறொன்று. சூத்திரத்தை ஆசிரியர் சொன்னார் என்று நம்ப வேண்டியிருக்கும். கோட்டை நாமே வரைந்துவிட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை. இதுவே டேக்கார்ட்டின் முறைக்குள் இருக்கும் உயிர் என்பது நமது துணிபு.

இங்கே பொதுவாக வழங்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துவதும் கடமையாகும். இன்று பள்ளிகளில், செங்கோணமாக வெட்டும் இரண்டு அச்சுக்களை வரைந்து, ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்தையும் உயரமாகக் குறித்து, பரவளைவு என்னும் கிண்ணம் போன்ற வளைகோட்டை உண்டாக்குகிறார்கள். 10 மடங்கில் 16 குறைந்ததைக் காட்டும் நேர்கோடு அதை 2-லும் 8-லும் வெட்டுகிறது. இந்தப் படத்தை இதே உருவத்தில் டேக்கார்ட் நூலில் காண முடியாது. அவர் ஓர் ஆதாரக் கோட்டையே கொண்டு, அதிலிருந்து தூரங்களை அளந்தார். இருபடிக்கு வட்டமும் கோடும் போதும் என்று கண்டு, பரவளைவை மூன்று படி, நான்கு படிச் சமன்பாடுகளுக்கு வட்டத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினார். இரண்டு அச்சுக்களும் பிற்காலத்தார் சேர்த்தவை. கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து அவர் இதைக் கண்டுபிடித்தார் என்னும் கதைக்கும் அவர் எழுத்துக்களில் ஆதாரம் இல்லை. அவரிடமிருந்து உலகம் பெற்றது, ஒவ்வொரு சமன்பாடும் ஒரு கோடு, ஒவ்வொரு கோடும் ஒரு சமன்பாடு என்னும் மூலக் கருத்து. தெரியாத அளவுகளுக்கு எழுத்துவரிசையின் கடைசி எழுத்துக்களையும், தெரிந்தவற்றுக்கு முதல் எழுத்துக்களையும் இடும் வழக்கமும் அவர் நூலால் நிலைபெற்றதே.

அவர் காலத்திலேயே துலூஸ் நகரத்து நீதி ஸ்தலத்தில் பதவி வகித்த பியேர் தெ பெர்மா என்பவரும் இதே கருத்தைத் தனியாகக் கண்டிருந்தார். அவரது கட்டுரை கையெழுத்துப் பிரதியாகவே உலவி, 1679-ஆம் வருஷத்தில், அவர் இறந்த பின்பு அச்சேறியது. டேக்கார்ட்டோ அவரைச் சமமாக நடத்தவில்லை. வளைகோட்டுக்குத் தொடுகோடு வரையும் முறையைப் பற்றி அவரோடு கடுமையாகச் சண்டையிட்டார். வாலிபத்தில் தமக்கு வழிகாட்டிய பேக்மனுக்கும், அவரிடமிருந்து எதையும் கற்றதில்லை என்று பின்னாளில் எழுதினார். அறிவின் உயரத்துக்குத் தக்க பெருந்தன்மை அவரிடம் எப்போதும் இருந்ததில்லை.

கர்வத்தின் நிழல் நூலின் மீதும் விழுந்தது. எல்லோருக்கும் பொதுவான நியாய புத்திக்காகப் பிரெஞ்சில் எழுதியவர், க்ஷேத்திரகணிதப் பகுதியில் வேண்டுமென்றே பல படிகளை விட்டுவிட்டார். தாமே கண்டுபிடிக்கும் இன்பத்தைப் படிப்போருக்கு மிச்சம் வைத்ததாக நூலில் கூறிக்கொண்டார். எல்லாம் முன்பே தெரியும் என்று பேசும் போட்டியாளர்களின் வாயை அடைப்பதும் அதில் அடங்கிய கருத்து என்று அவர் கடிதங்கள் தெரிவிக்கின்றன. விளைவு யாதெனில், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் அந்தப் பகுதி புரியவில்லை. அதற்கு விளக்கக் குறிப்புகளைப் புளுவா நகரத்துச் சட்ட அறிஞர் புளோரிமோன் தெ போன் எழுதினார். லெய்டன் ஆசிரியர் பிரான்ஸ் வான் ஸ்கூட்டன், அக்குறிப்புகளோடும் தம் உரையோடும் நூலை லத்தீனில் மொழிபெயர்த்து 1649-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். பத்து வருஷத்துக்குப் பின் அதை மேலும் விரித்தார். வாலிபராயிருந்த நியூட்டன் கேம்பிரிட்ஜில் கற்றது அந்த விரிந்த உரையையே. மேதை கொளுத்திய விளக்குக்கு எண்ணெய் வார்த்துத் தெருவில் வைத்தவர்கள் ஆசிரியர்களே என்பதை நாம் மறத்தல் கூடாது.

இதற்கு எதிரான நல்ல நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பொஹீமியா ராஜ்யத்தை இழந்து ஹாலந்தில் தஞ்சம் புகுந்த குடும்பத்து இளவரசி எலிசபெத்துடன் அவர் 1643 முதல் கடிதப் போக்குவரத்து நடத்தினார். மூன்று வட்டங்களைத் தொடும் நான்காவது வட்டத்தை வரைவது என்னும் பழைய பெரும்புதிரை அவளுக்கு அனுப்பினார். அவள் பீஜகணிதத்தால் அதை அணுகிய விதத்தை மனமாரப் பாராட்டினார். பெண்களுக்குச் சர்வகலாசாலைக் கதவு அடைபட்டிருந்த காலத்தில், நியாய புத்தி யாவர்க்கும் பொது என்னும் அவரது கொள்கைக்கு அவளே சாட்சியாக நின்றாள்.

வாழ்க்கை அவருக்குத் துக்கத்தையும் தந்தது. ஹெலினா என்னும் பணிப்பெண்ணிடம் அவருக்குப் பிறந்த பிரான்ஸீன் என்னும் பெண் குழந்தை, 1640-ஆம் வருஷத்தில் 5-ஆம் வயதில் ஜுரத்தால் இறந்தது. அதே வருஷம் தந்தையும் காலமானார். 1642-ஆம் வருஷத்தில் உத்ரெக்ட் சர்வகலாசாலை அவரது புதிய தத்துவத்தைக் கண்டனம் செய்தது. அடுத்த வருஷம் நகரசபை அவர்மீது நடவடிக்கை எடுக்க முற்பட்டது. கலிலியோவின் கதியை அஞ்சி ஒதுங்கியவர், ஒதுங்கிய இடத்திலேயே மத வாதிகளிடம் சிக்கி, பிரெஞ்சு ஸ்தானீகரின் உதவியால் தப்பினார்.

1649-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து ராணி கிறிஸ்டினா அவரைத் தமது சபைக்கு அழைத்தார். மனமின்றியே அவர் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார். 22 வயது நிரம்பிய அந்த ராணிக்குப் பாடம் கேட்க ஓய்வு கிடைத்தது விடியற்காலை 5 மணிக்கே. இளமை முதல் காலையில் நெடுநேரம் படுக்கையிலிருந்தே சிந்திக்கப் பழகிய டேக்கார்ட், வடதேசத்து ஜனவரிக் குளிரில் இருட்டோடு அரண்மனைக்குச் செல்ல நேர்ந்தது. நுரையீரலில் ஜன்னி கண்டு, 1650-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ஆம் தேதி, 53-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

கத்தோலிக்கர் ஆகையால், அந்தப் புரொடெஸ்டண்டு நகரில் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் புதைக்கும் இடத்திலேயே அவரைப் புதைத்தார்கள். 1663-ஆம் வருஷத்தில் ரோமாபுரி அவரது நூல்களைத் தடுக்கப்பட்ட நூல்களின் ஜாபிதாவில் சேர்த்தது. எலும்புகள் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, 1667-ஆம் வருஷத்தில் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டபோது, அவரைப் புகழ்ந்து பிரசங்கம் செய்யக்கூடாதென்று ராஜ உத்தரவு பிறந்தது. பின்னாளில் அதே தேசம் அவர் பிறந்த ஊருக்கு அவர் பெயரையே சூட்டியது. உயிரோடிருக்கும்போது அஞ்சிய அறிவை, ஆபத்து நீங்கிய பின் கொண்டாடுவது அதிகாரத்தின் பழைய வழக்கம்.

டேக்கார்ட்டின் உலக அமைப்புக் கொள்கைகள் பல, நியூட்டனுக்குப் பின் நிலைக்கவில்லை. ஆனால் கோட்டையும் எண்ணையும் இணைத்த அவரது பாலம் சிறிதும் ஆட்டங் காணாமல் நிற்கிறது. நக்ஷத்திரங்களின் பாதையை அளப்பவரும், நோயாளியின் ஜுரத்தைக் கோடாக வரைபவரும், விலைவாசியின் ஏற்றத்தைப் பத்திரிகையில் படமாக அச்சிடுபவரும் அந்தப் பாலத்தின் மீதே நடக்கிறார்கள். எண்களால் மறைக்கக்கூடிய பொய்யைக் கோடு காட்டிக்கொடுக்கும். தப்பான அளவில் வரைந்த கோட்டைக் கண்டுபிடிப்பதற்கும், தாமே வரைந்து பழகிய கண் வேண்டும்.

அவரது சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் இரண்டு பக்கம் உடையது. ஜனங்களின் பாஷையில் எழுதினால்தான் அறிவு ஜனங்களுடையதாகும். அதை அவர் செய்தார். ஆனால் ஜனங்களின் பாஷையில் எழுதிவிட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. படிகளை மறைக்காமல், ஏறி வருவதற்கு வழிவிட்டு எழுத வேண்டும். அதை அவர் செய்யவில்லை, அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தார்கள். பொது ஜனங்களுக்காகப் பேசவும் எழுதவும் முன்வந்திருப்போர் இதைத் தமக்குரிய எச்சரிக்கையாகவே கொள்வாராக. ஒரு காகிதமும், ஓர் அடிக்கோலும், ஒரு கவராயமும் கையில் உள்ள எந்தச் சிறுவனும், எந்தச் சிறுமியும், யாருடைய அதிகாரத்தையும் கேளாமல், விடை 2 என்றும் 8 என்றும் தானே கண்டு சொல்லலாம். அந்தச் சுதந்திரத்தின் விலை எவ்வளவு என்பதை அறிந்தோர், அந்தக் கட்டக் காகிதத்தை அற்பமாக எண்ணமாட்டார்கள்.